எழுதியது ஒன்று, எடுத்துக்கொண்டது ஒன்று

கே: எங்கள் ஸ்ப்ளங்க் (பல மெஷின்களின் பதிவுகளைத் திரட்டித் தேடும் மென்பொருள்) சர்வரில் டேட்டா சேமிப்புக்கான செட்டிங் ஃபைல் 'இன்டெக்சஸ்.கான்ஃப்' என்ற பெயரிலேயே நாலைந்து ஃபைல்கள் இருக்கின்றன. ஒரு ஆப்பின் (ஸ்ப்ளங்க்கில் சேர்க்கும் செட்டிங் தொகுப்பு) லோக்கல் ஃபோல்டரில் டேட்டாவை 90 நாள் வைத்தால் போதும் என்று எழுதி, ரீஸ்டார்ட்டும் செய்தாயிற்று. பழைய டேட்டா அப்படியே இருக்கிறது. எந்த ஃபைலைத்தான் அது படிக்கிறது?

ப: எல்லாவற்றையும்தான். படித்துவிட்டு வரிவரியாக ஒட்டுகிறது. சதுர அடைப்புக்குறித் தலைப்பு ஒன்றின் கீழ் பத்து வரி இருந்தால், ஒன்பது ஒரு ஃபைலிலிருந்தும் ஒன்று இன்னொன்றிலிருந்தும் வரலாம். ஒரே வரி இரண்டு இடத்தில் இருந்தால் மட்டுமே யார் பெரியவர் என்ற கேள்வி.

செட்டிங்குகள் இருக்கும் 'ஈடிசி' ஃபோல்டருக்குள் முதல் மரியாதை சிஸ்டத்தின் கீழ் உள்ள 'லோக்கல்' ஃபோல்டருக்கு. அடுத்து ஆப்களின் லோக்கல், பிறகு ஆப்களின் டிஃபால்ட் (கூடவே வந்த அசல் செட்டிங்குகள்), கடைசியில் சிஸ்டத்தின் டிஃபால்ட். இரண்டு ஆப்கள் மோதினால் ஃபோல்டர் பெயரின் ஆஸ்கி வரிசைதான் (கணினியின் எழுத்து வரிசை) தீர்ப்பு: ஆங்கிலப் பெரிய எழுத்து சின்ன எழுத்தை முந்தும், 10 கூட 9-ஐ முந்திவிடும். இன்டெக்ஸ் (டேட்டா சேமிப்பு), இன்புட் (டேட்டா வரவு) போன்றவற்றுக்குத்தான் இந்த வரிசை. தேடும்போது பயன்படும் செட்டிங்குகளில் முதலில் பயனரின் ஃபோல்டர், அடுத்து அவர் நிற்கும் ஆப், பிறகு மற்ற ஆப்கள். சிஸ்டத்துக்குக் கடைசி இடம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

உங்கள் விஷயத்தில் ஊகிக்க வேண்டாம். செட்டிங்குகளைக் காட்டும் கருவி பிடூல் ஸ்ப்ளங்க்கிலேயே இருக்கிறது. 'பின்' ஃபோல்டரிலிருந்து 'ஸ்ப்ளங்க் பிடூல் இன்டெக்சஸ் லிஸ்ட் --டீபக்' என்று கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கத்தில் அது எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று வரும். யாரோ எப்போதோ சிஸ்டம் லோக்கலில் போட்டுவைத்த வரி உங்கள் வரியை அமுக்கிக்கொண்டிருக்கலாம். பிடூல் காட்டுவது டிஸ்க்கில் உள்ளதை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் ரீஸ்டார்ட்டுக்கு முந்தையதையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். வரியின் பெயரில் எழுத்துப்பிழையா என்று பார்க்க 'பிடூல் செக்' இருக்கிறது.

டேட்டாவை வைத்திருக்கும் கால அளவை விநாடியில் எழுத வேண்டும். 90 நாள் என்றால் 7776000. வெறும் 90 என்று எழுதினால் ஒன்றரை நிமிடம்! எழுதாமல் விட்டால் 188697600, ஏறக்குறைய ஆறு வருடம். எண் சரியாக இருந்தும் டேட்டா போகவில்லையென்றால் காரணம் இது: டேட்டா பக்கெட் என்ற தொகுதிகளாகச் சேமிக்கப்படுகிறது, ஒரு பக்கெட்டில் உள்ள மிகப் புதிய பதிவும் 90 நாளைக் கடந்தால்தான் அந்த பக்கெட் முழுதாக வெளியேறும். ஆவணக் காப்புக்கு ஃபோல்டர் குறிப்பிடாதவரை வெளியேறுவது என்றால் அழிவதுதான். எண்ணைக் குறைக்குமுன் இதை இரண்டு தடவை யோசியுங்கள்.

கே: டிஃபால்ட் ஃபோல்டரிலேயே நேரடியாகத் திருத்தினால் என்ன?

ப: அடுத்த அப்கிரேடில் காணாமல் போகும். அதற்காக ஃபைல் முழுவதையும் லோக்கலுக்குக் காப்பி செய்வது அதைவிட மோசம்: புதிய வெர்ஷன் கொண்டுவரும் மாற்றங்களை உங்கள் பழைய வரிகள் மறைத்துவிடும். தலைப்பும், மாற்ற வேண்டிய அந்த ஒரு வரியும் போதும்.

கே: ஃபார்வர்டர் (ஸ்ப்ளங்க்குக்கு டேட்டா அனுப்பும்) மெஷினில் ஒரு ஆப்பின் லோக்கலில் செய்த திருத்தம் இரண்டு நாளில் மறைந்துவிட்டது.

ப: அந்த ஆப், ஆப்களைப் பல மெஷின்களுக்கு விநியோகிக்கும் டிப்ளாய்மென்ட் சர்வரிலிருந்து வருவதாக இருக்கும். அங்கே ஆப் மாறினால் இங்கே ஃபோல்டர் மொத்தமும் மாற்றி வைக்கப்படும். திருத்தத்தை அந்த சர்வரின் 'டிப்ளாய்மென்ட்-ஆப்ஸ்' ஃபோல்டரில் செய்யுங்கள். எரிச்சலில் சிஸ்டம் லோக்கலில் எழுதிவிடாதீர்கள். நிலைக்கும்தான், ஆனால் பிறகு இன்டெக்சர் (டேட்டாவைப் பெற்றுச் சேமிக்கும் சர்வர்) முகவரியை மாற்ற ஒவ்வொரு மெஷினாக ஏறி இறங்க வேண்டிவரும்.

கே: லோக்கல் ஃபோல்டர்களைப் புதிய சர்வருக்கு மாற்றினேன். பாஸ்வேர்டுகள் மட்டும் வேலை செய்யவில்லை.

ப: அவை 'ஈடிசி'க்குள் 'ஆத்' ஃபோல்டரில் உள்ள 'ஸ்ப்ளங்க்.சீக்ரெட்' ஃபைலை வைத்துப் பூட்டப்பட்டவை. புதிய சர்வரை முதன்முறை இயக்குமுன் அந்த ஃபைலையும் கொண்டுபோக வேண்டும். ஏற்கெனவே இயக்கிவிட்டீர்கள் என்றால் பாஸ்வேர்டுகளை வெற்றெழுத்தில் மறுபடி எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள், அதுவே பூட்டிக்கொள்ளும்.