தங்கம்மாவை விட்டுவிட்டீர்களே

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கொஞ்ச காலமாக நாவல்கள் மட்டுமே படித்துக்கொண்டிருக்கிறேன். சமீபத்தில் படித்த நான்கைப் பற்றி மனதில் பட்டதை எழுதுகிறேன்.

'மோகமுள்': யமுனா மனதில் நின்றுவிட்டாள். பாபு எனக்கு எரிச்சலூட்டினான். தன்னைவிடப் பத்து வயது மூத்த பெண்ணை நினைத்து உருகுவதைத் தவிர அவன் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. சங்கீதம் வரும் இடங்களை வேகமாகத் தாண்டினேன். நூறு பக்கம் குறைத்திருக்கலாம்.

'வெக்கை': 'அசுரன்' படத்தைப் பார்த்துவிட்டுப் படித்தேன். படத்தில் இருந்த வேகம் நாவலில் இல்லை.

'18வது அட்சக்கோடு': கிரிக்கெட், மாடு, கல்லூரி என்றே போகிறது. கதை எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். தொடங்கியதுபோல் இருந்தது, முடிந்துவிட்டது.

'கோவேறு கழுதைகள்': ஒரே துக்கம். கதாநாயகி ஆரோக்கியம் ஏன் எழுந்து நின்று எதிர்க்கவில்லை என்று கோபம் வந்தது.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னேன். "இது உன் சொந்த அபிப்பிராயம், விமரிசனம் இல்லை" என்று முடித்துவிட்டார். அபிப்பிராயம் எப்போது விமரிசனமாகிறது? என்னைப் போன்ற சாதாரண வாசகன் நாவலைப் பற்றிப் பேசுவதற்கு என்ன படித்திருக்க வேண்டும்?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொன்னதைத் தள்ளி வையுங்கள். சொந்த அபிப்பிராயம் இல்லாதவரிடமிருந்து என்ன விமரிசனம் வந்துவிடப் போகிறது? விமரிசகர் க.நா.சு. தன் ரசனையை நம்பித்தான் காலமெல்லாம் நல்ல புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டார். அது போதாது, எழுதியதை அலசிக் காட்டவேண்டும் என்று சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி வாதாடினார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இரண்டு பேரும் கையில் எடுத்த புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசியவர்கள். நீங்கள் கேட்கும் தகுதி அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் படித்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் இதில் முடிந்துவிட்டது. ஆனாலும் எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. சமீபத்தில் நானும் 'மோகமுள்'ளை மறுபடி எடுத்தேன். தங்கம்மா வரும் இடத்தில் நின்றுவிட்டேன். மேலே போக மனம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. பாபுவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், யமுனாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், பக்கக் கணக்கைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறீர்கள். தங்கம்மா என்ற பெயர் மட்டும் இல்லை. கண்ணில் படாமல் போயிற்றோ என்று கடிதத்தைத் திரும்பப் படித்தேன். இல்லவே இல்லை.

தங்கம்மா யார் என்று நினைவிருக்கிறதா? கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண். கும்பகோணத்தில் பாபு தங்கியிருக்கும்போது ஓர் இரவு அவன் அறைக்கு வருகிறாள். அவனும் இடம் கொடுத்துவிடுகிறான். அப்புறம் அவன் தவியாய்த் தவிக்கிறானே, அந்தத் தவிப்பு யாரை நினைத்து? யமுனாவை. யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்றுதான் அவனுக்கு நெஞ்சு வேகிறது. தங்கம்மா மறுபடி தேடி வரும்போது விலக்குகிறான். அவள் உயிரை விட்டுவிடுகிறாள். நாவல் மேலே போகிறது. பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணா இருக்கிறார், பட்டணம் இருக்கிறது, யமுனா இருக்கிறாள். நீங்களும் பாபுவோடு எழுந்து மேலே போய்விட்டீர்கள்.

என் அத்தை போகவில்லை. அவளும் வயது அதிகமான ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனவள். சீக்கிரமே எல்லாம் முடிந்து எங்களோடு வந்து இருந்தாள். மதியத்தில் வீடு அடங்கிய பிறகு சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு படிப்பாள். கையில் ஒரு பென்சில் துண்டு இருக்கும். கணக்கு நோட்டுக்கு வைத்திருந்த பென்சில், விரல்களுக்கு நடுவே தெரியாத அளவுக்குச் சீவித் தேய்ந்தது. 'மோகமுள்' படித்தபோது தங்கம்மாவின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறாள். யமுனாவுக்குக் கிடையாது, பாபுவுக்குக் கிடையாது. அந்தப் பிரதி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் கோடுகள் நெருக்கமாக இருக்கும். ஒரு பக்கத்தில் பென்சிலை அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது. அதற்குப் பிறகு, போகப்போகக் குறைந்துகொண்டே வரும்.

"செத்ததுக்கப்புறம் இவளை யார் நினைக்கிறாங்கன்னு பாத்துக்கிட்டே வந்தேன்" என்றாள் ஒருநாள். வேறு விளக்கம் சொல்லவில்லை. அவள் பள்ளிக்கூடத்துப் படிப்பைப் பாதியில் விட்டவள். உங்கள் நண்பர் அந்தக் கோடுகளைப் பார்த்தால் சொந்த அபிப்பிராயம் என்றுதான் சொல்வார். நான் அறிந்தவரை 'மோகமுள்' பற்றிய மிக நல்ல விமரிசனம் அந்தக் கோடுகள்தான்.

'மோகமுள்' எழுதிய ஜானகிராமன் அந்தப் பெண்ணுக்கு அநியாயம் செய்துவிட்டார் என்பது அத்தையின் கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. தங்கம்மாவை அவர் மயக்க வந்தவளாக எழுதவில்லை. பாபுவின் கற்பைச் சோதிக்க அனுப்பப்பட்ட மோகினி இல்லை அவள். அவளுடைய ஆசை அவளுடையது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது, அந்த வீட்டில் அவள் கிடந்த கிடப்புக்கு அது கண்டிப்பாக நியாயம்தான். அதைப் பாபு பார்க்கவில்லை. ஜானகிராமன் பார்த்திருக்கிறார், அதனால்தான் அத்தையால் கோடு போட முடிந்தது. பார்க்காத ஆசிரியராக இருந்தால் கோடு போட அங்கே ஆளே இருந்திருக்காது. எத்தனை நாவல்களில் ஒரு வேலைக்காரப் பெண், ஓர் ஏழைத் தங்கை, ஒரு பைத்தியக்காரக் கிழவி கதாநாயகனுக்கு ஞானம் வருவதற்காக மட்டும் சாகிறார்கள்! அவர்கள் செத்த மறு அத்தியாயத்தில் அவன் தாடி வளர்த்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பான். அவள் எப்படி இருந்தாள், என்ன சாப்பிட்டாள், எதற்குப் பயந்தாள் என்று ஒரு வரி கிடைக்காது. அந்த வகை நாவல்களை நான் அதோடு மூடிவிடுகிறேன். கதைக்கு அவசியமே இல்லாத ஆளை, இரண்டு பக்கத்தில் வந்துவிட்டுப் போகிற ஆளை, எழுதுகிறவர் எப்படி நடத்தியிருக்கிறார் என்று பார்த்தே நாவலை அளக்கிறேன். கதாநாயகனை நன்றாக எழுத யாராலும் முடியும். அவனோடுதானே வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீங்களோ பாபு உருப்படியானவனா இல்லையா என்று, பெண் கொடுக்கப் போகிறவர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் எரிச்சலூட்டட்டுமே, தம்பி. அவன் நல்லவனாக நடந்துகொள்ளாத இடம் எது என்று ஜானகிராமன் உங்களுக்குக் காட்டியிருக்கிறார். அந்த இடத்தை விட்டுவிட்டு, அவன் யமுனாவை நினைத்து உருகியதைப் பிழையாகப் பிடித்துக்கொண்டீர்கள்.

நூறு பக்கம் குறைத்திருக்கலாம் என்கிறீர்கள். எந்த நூறு? சொல்லியிருந்தால் உங்களோடு உட்கார்ந்து சண்டை போட்டிருப்பேன். சொல்லாமல் விட்டால் அது வெறும் அலுப்பு. சங்கீதத்தைத் தாண்டிவிட்டேன் என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? கடைசியில் பாபு எதைத் தேடிப் புறப்படுகிறான்? ரங்கண்ணாவைத் தள்ளிவிட்டுப் படித்தால் மிஞ்சுவது ஒரு வயசுப் பையனின் ஏக்கம் மட்டும்தான். அதைப் படித்துவிட்டு அவன் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை என்றால் என்ன நியாயம்?

'வெக்கை' பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 'அசுரன்' 2019இல் வந்தது, பூமணி நாவலை எழுதியது 1982இல். படத்தைப் படமாக விட்டுவிடுங்கள். நாவலில் கொலை ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. பதினைந்து வயதுப் பையன், கையை மட்டும் வெட்டிவிடலாம் என்று போனவன், அது கொலையாகிவிட்டது. அதற்கப்புறம் அப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே படுப்பது, எதை ஆக்கித் தின்பது, வீட்டில் இருக்கிறவர்கள் என்ன ஆனார்கள் என்று பேசிக்கொண்டே கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள். பூமணிக்கு வேண்டியது அந்த நாட்கள்தான். அதில் வேகத்தைத் தேடினால் கிடைக்காது.

ஆனால் '18வது அட்சக்கோடு' பற்றி நீங்கள் எழுதியதை என்னால் விட முடியவில்லை. தொடங்கியதுபோல் இருந்தது, முடிந்துவிட்டது என்கிறீர்கள். அந்த முடிவில் யார் இருந்தார்கள் என்று ஏன் எழுதவில்லை? செகந்திராபாத், 1948. செப்டம்பரில் இந்தியப் படை உள்ளே வந்து நிஜாமின் ஆட்சி முடிந்துவிட்டது. நிஜாமுக்கு ஆதரவாக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்களுக்குப் பயந்து கிடந்தவர்கள் இப்போது தெருவில் இறங்கியிருக்கிறார்கள். அந்தக் கலவரத்தில், கல்லூரியில் படிக்கும் சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய் விழுகிறான். உள்ளே ஒரு குடும்பம் நடுங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு சின்னப் பெண் முன்னால் வந்து, எங்களை விட்டுவிடு என்று கெஞ்சி, தன் உடைகளைக் களைய ஆரம்பிக்கிறாள். அவன் அங்கிருந்து ஓடுகிறான்.

அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. சில வரிகள்தான் வருகிறாள். முன்கதை இல்லை, பின்கதை இல்லை. அதுவரை நீங்கள் அலுத்துக்கொண்டே படித்த கிரிக்கெட், மாடு, அவன் குடியிருக்கும் லான்சர் பாரக்ஸ் வீடுகள், பக்கத்து வீட்டுப் பையன்களோடு சின்னச் சின்னச் சண்டை எல்லாம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? சந்திரசேகரன் எவ்வளவு சாதாரணப் பையன் என்று நமக்குத் தெரிந்தாக வேண்டும். மாட்டைத் தேடி அலைகிறவன், கிரிக்கெட் குழுவில் இடம் கிடைக்குமா என்று கவலைப்படுகிறவன். அவனைப் பார்த்து ஒரு சின்னப் பெண் அப்படிப் பயப்படுகிறாள். அவனும் நாமும் அவள் கண்ணில் யார் என்று அந்த ஓர் இடத்தில்தான் தெரிகிறது. அசோகமித்திரன் அவளைப் பற்றி இரக்கமாக ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தால்கூட அது கெட்டுப்போயிருக்கும். பெயர் கேட்டு, ஆறுதல் சொல்லி, காப்பாற்றி அனுப்பியிருந்தால் சந்திரசேகரன் கதாநாயகன் ஆகியிருப்பான், அவள் அவனுடைய நல்ல குணத்துக்குச் சாட்சி ஆகியிருப்பாள். அவளை அவர் எதற்கும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அந்த மரியாதை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அத்தை இதைப் படிக்கவில்லை. படித்திருந்தால் பென்சிலோடு எங்கே நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

ஆரோக்கியம் ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்டீர்களே, அதைப் படித்தபோது உண்மையிலேயே கோபம் வந்தது. ஊரார் வெளுப்புத் துணிக்கும் வீடுவீடாகப் போய் வாங்கும் ராச்சோற்றுக்கும் நடுவில் அவள் நாள் ஓடுகிறது. படியளக்கிறவர்களே கைவிரித்துவிட்டால் போவதற்கு வேறு இடம் இல்லை. அவள் எழுந்து நின்று வசனம் பேசியிருந்தால் உங்களுக்கு நிம்மதியாகப் புத்தகத்தை மூட வசதியாக இருந்திருக்கும். அவளுக்கு என்ன ஆகியிருக்கும்? அவள் வாய்மூடிக் கிடப்பவளும் இல்லை. புலம்புகிறாள், ஏசுகிறாள், முறையிடுகிறாள், நாவல் முழுக்க அவள் குரல்தான். 1994இல் இமையம் அதை வெளியிடும்வரை தமிழ் நாவலில், தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் வீட்டுப் பெண் எங்கே இருந்தாள்? துணிமூட்டையோடு ஒரு வரியில் தெருவைக் கடந்து போயிருப்பாள், அவ்வளவுதான். இங்கே மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவளே பேசுகிறாள். துக்கம் அதிகம் என்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்.

கடுமையாக எழுதுகிறேன் என்று வருத்தப்படாதீர்கள். யமுனா மனதில் நின்றுவிட்டாள் என்று எழுதினீர்களே, அதை நான் சந்தேகப்படவில்லை. மனதில் ஒருவரை நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவரிடம்தான் இவ்வளவு உரிமையாகப் பேச முடியும். புத்தகம் வாங்கி முடிக்காமல் அடுக்கி வைக்கிறவர்கள் எனக்கும் கடிதம் எழுதுகிறார்கள். அவர்களிடம் தங்கம்மாவைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

அந்தக் கிழவரைப் பற்றி, அதுதான் தங்கம்மாவின் புருஷன், நான் ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அவர் விஷயத்தில் எனக்கும் அத்தைக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அவருக்கும் ஏதோ பறிபோயிற்று என்பேன் நான். அத்தை அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டாள். நீங்கள் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு எழுதுங்கள். நான்கு நாவல் வேண்டாம், அவர் ஒருவரைப் பற்றி மட்டும். உங்கள் அபிப்பிராயத்தைத்தான் கேட்கிறேன். நண்பரிடம் காட்டாமல் நேராக எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.