கப்பலேறிய பாட்டனுக்கு எந்த ஊர்? – கேள்வி பதில்

ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணிகளோடும் கடல் கடந்து போனவர்களின் பழைய பதிவேடுகளைத் தேடுவது குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

டர்பனிலிருந்து ஒருவர்: ஐயா, என் கொள்ளுப்பாட்டன் பெயர் முனிசாமி. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தமிழ்நாட்டில் யாரிடம் விசாரிக்கலாம்?

இப்போதைக்கு யாரிடமும் வேண்டாம், காசைக் கரைக்காதீர்கள். தேடலை அவர் இறங்கிய துறைமுகத்திலிருந்து தொடங்குங்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து 'டுரூரோ' கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களில் முனிசாமிகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி மூன்சாமி, மோனிசாமி என்று எழுதியவர்கள் வேறு. பெயரை நம்பினால் கரை சேர முடியாது.

வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். நேட்டாலில் பிறந்த பிள்ளைகளின் பழைய பிறப்புச் சான்றிதழிலும் திருமணப் பதிவிலும் பெற்றோர் பெயரை ஒட்டி அந்த எண் இருக்கும். வீட்டில் வயதான அத்தையின் டிரங்குப் பெட்டியை முதலில் திறக்கச் சொல்லுங்கள். எண் கிடைத்துவிட்டால் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ள கப்பல் பட்டியலில் அவருடைய வரியைப் பிடித்துவிடலாம். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் அந்த ஒரு வரியில் வரும். 'இடது முழங்காலில் தழும்பு' என்பது போன்ற குறிப்பைப் படிக்கும்போது முகம் தெரியாத மனிதருக்கு உடம்பு வந்துவிடும்.

அந்த வரியோடு நிறுத்திவிடாதீர்கள். மேலும் கீழும் இருபது வரி படியுங்கள். சேர்ந்து வந்து பதிந்தவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள்தான் விழும். மனைவி, தம்பி, அதே கிராமத்து ஆள் என்று யாராவது பக்கத்திலேயே இருப்பார்கள்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒருவர்: வரி கிடைத்துவிட்டது ஐயா. வட ஆற்காடு ஜில்லா, கிராமம் புதூர். வேலூருக்கு டிக்கெட் எடுக்கலாமா?

பொறுங்கள் தம்பி. புதூர் இல்லாத தாலுகா தமிழ்நாட்டில் உண்டா? தாலுகா கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், தேடலின் சாவி அங்கேதான் இருக்கிறது. அன்றைய வட ஆற்காடு இன்றைய வேலூர் மாவட்டம் மட்டுமல்ல. ராணிப்பேட்டை, ஆரணி, போளூர், வந்தவாசி பக்கமெல்லாம் அதில் அடக்கம். ஆந்திராவில் இருக்கும் சித்தூர்தான் 1911 வரை அதன் தலைநகரம். திருப்பத்தூரோ அந்த ஆண்டு வரை சேலம் ஜில்லாவில் இருந்தது. ஆகவே ஜில்லா பெயரை வைத்து ரயில் ஏறினால் தவறான ஊரில் இறங்குவீர்கள். தாலுகா தெரிந்த பிறகு, குடும்பத்தில் இன்னும் கும்பிடும் குலதெய்வத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டு விசாரியுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கு உங்கள் பாட்டனைத் தெரியாது. அந்தச் சாமியின் கோயில் எங்கே இருக்கிறது என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும்.

சென்னையிலிருந்து ஒரு மாணவி: 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என் முன்னோர் பெயரைப் பார்க்க முடியுமா?

முடியாது அம்மா. பிரிட்டனில் வீடு வீடாக எழுதிய தாள்களைக் காத்து வைத்தார்கள். 1841 முதல் பெயர் சொல்லித் தேடலாம். இங்கே கூட்டல் கணக்கு முடிந்ததும் வீட்டுத் தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. அச்சில் இருப்பது வெறும் அட்டவணைகள். பெயர்ப் பட்டியல் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சுவாவிலிருந்து ஒருவர்: பிஜியில்?

உங்களுக்கு வேலை சுலபம். ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு. பிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மதராசிலிருந்து ஆள் எடுத்தது 1903 முதல்தான், 1916-ல் நின்றுவிட்டது. தேட வேண்டிய ஆண்டுகள் குறைவு. மொரிஷியஸ்காரர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போங்கள். அங்கே 1860-களிலிருந்து புகைப்படங்கள்கூட உண்டு.

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் பாட்டி மலையேறி வந்தவர். அவருக்கு இப்படி ஏதாவது பதிவு இருக்குமா ஐயா?

நேட்டால் போல வரிக்கு வரி கிடைக்காது அம்மா. இலங்கைக்கு ஆள் சேர்த்தது கங்காணி. ஐந்தாண்டு ஒப்பந்தமும் கிடையாது, கப்பல் பட்டியலும் கிடையாது. 1914-ல் தலைமன்னார் படகுச் சேவையோடு ரயில் இணையும் முன் எத்தனையோ பேர் மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்தே வந்தார்கள். நடந்து வந்தவர்களுக்கு எவர் பட்டியல் எழுதினார்? பிற்பாடு தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லை கொடுத்தார்கள். அது வீட்டில் இருந்தால் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஆவணங்கள் பெரும்பாலும் 1948-க்குப் பிந்தியவை. அந்த ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தமிழர்களின் குடியுரிமை பறிபோனதும், 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்கள் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பிறப்புத் துண்டு, செக்ரோல் (தோட்டத்தின் ஆள் வருகைப் பதிவேடு) நகல், தோட்டத்துரையின் கடிதம் எல்லாம் சேர்த்தார்கள். உரிமையைப் பறித்த சட்டத்தின் உபயத்தில் குடும்ப வரலாறு தாளில் ஏறியது, கொடுமைதான். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தமிழகம் திரும்பிய உறவினர் இருந்தால் அவர்களுடைய குடும்ப அட்டையையும் கேட்டுப் பாருங்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் ஆங்கிலத்திலும் தமிழிலும் குறித்து வையுங்கள். மக்கள் அழைத்த பெயர் ஒன்று, துரை வைத்த பெயர் வேறு. பழைய தோட்ட டைரக்டரிகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

டர்பனிலிருந்து மற்றொருவர்: பட்டியலில் எழுதிய சாதியும் வீட்டில் சொல்லும் சாதியும் பொருந்தவில்லை. வேறு ஆளை எடுத்துவிட்டோமா?

எண்ணும் தகப்பன் பெயரும் பொருந்துகிறதா? அப்படியானால் அவர்தான். கப்பல் ஏறும் முன் தங்கவைத்த டிப்போவில் கேட்டதற்கு என்ன சொன்னாரோ, எழுத்தருக்கு என்ன புரிந்ததோ, அதுதான் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. தண்ணீர் தாண்டும்போது சாதியை மாற்றிச் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு, அதில் எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான். தழும்பையும் உயரத்தையும் எழுத்தர் கண்ணால் பார்த்து எழுதினார். முதலில் அவற்றை நம்புங்கள்.