குழாயடி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். சென்ற வாரம் அரை நாள் தண்ணீர் வராததற்கே என் பத்து வயது மகன் அழுது ஆர்ப்பாட்டம் செய்துவிட்டான். வசதிகளின் அருமை தெரிவதற்காக, மாதம் ஒரு நாள் மின்சாரம், கைப்பேசி, குழாய் எதுவுமின்றிப் பழைய எளிய வாழ்க்கையை அவனுக்குப் பழக்கலாமா? செந்தூல் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த என் மாமியார், அக்காலத்தில் இவையெல்லாம் இல்லாமலேயே ஆரோக்கியமாக இருந்தோம் என்கிறார்.

வாசகி, கோலாலம்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

2024 ஜனவரியில், சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காகப் பினாங்கில் சில நாள்கள் தண்ணீர் நிறுத்தப்பட்டபோது என் மனத்தில் விழுந்த ஒரு கேள்வியை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. எங்கள் அடுக்குமாடியின் கீழே தண்ணீர் லாரி வந்து நின்றது. வாளியோடு வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கைப்பேசியை எப்போது கொடுப்பது, எப்போது வாங்கி வைப்பது என்பது தாயாகிய உங்களுக்கே தெரியும். பத்து வயதுப் பிள்ளை அழுததையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் 'பழைய எளிய வாழ்க்கை' என்று எப்படியம்மா எழுதினீர்கள்? அது யாருக்கு எளிதாக இருந்தது?

நான் பிறந்தது நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் அணை 1962-இல் கட்டி முடிக்கப்பட்டபோது எனக்கு ஏழு வயது. நீரிணைக்கு இக்கரையில், பெருநிலத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுவதற்கும் ஒரே ஒரு குழாய்தான் இருந்தது. வறட்சியில் அதுவும் நின்றுவிட்டால் ஓடைதான் கதி. அம்மா நான்கு மணிக்கு முன்பே எழுந்து, இரண்டு மண்ணெண்ணெய் டின்களைக் காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டிக்கொண்டு குழாயடிக்குப் போவார். டின் ஒன்று பதினெட்டு லிட்டர் பிடிக்கும். அப்படியானால் தோளில் முப்பத்தாறு கிலோ. டின்னின் எடை வேறு. நடக்கும்போது தளும்பாமல் இருக்க இரண்டு டின்களிலும் ரப்பர் இலைகளை மிதக்கவிட்டிருப்பார். மூன்று நடை முடித்து, உலை வைத்து, எங்களை எழுப்பி, விடிவதற்குள் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடி, அதன்பிறகு பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போவார். அப்பா நல்லவர், அம்மாவைக் கை நீட்டி அடித்ததே இல்லை. ஆனால் அவர் அந்தக் கம்பைத் தோளில் வைத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. தண்ணீர் எடுப்பது பெண்ணின் வேலை என்று லயத்தில் எல்லோரும் நம்பினார்கள், அம்மாவும் நம்பினார்.

ஆரோக்கியம் என்கிறார் உங்கள் மாமியார். எங்கள் லயத்தில் டைபாய்டு வந்த ஆண்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். கொதிக்க வைக்க விறகு வேண்டும். அதையும் அம்மாதான் சுமந்தார். இன்று மூடா ஆற்றின் நீரைப் படிகாரம் சேர்த்துத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து, கடலுக்கடியில் பதித்த குழாய் வழியாகத் தீவுக்கு அனுப்பி, மேல்மாடித் தொட்டி வரை ஏற்றிவிடுகிறார்கள். இதைச் சொகுசு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒரு பெண்ணின் தோளிலிருந்து இறக்கி, பொறியாளர்களும் குழாய் பதித்த தொழிலாளர்களும் இயந்திரத்தின்மேல் ஏற்றிவைத்த சுமை இது. அதை மாதம் ஒரு நாள் பாடமாக மறுபடி வீட்டுக்குள் கொண்டுவரப் பார்க்கிறீர்களே, அன்று வாளி தூக்கப்போவது யார்? உங்கள் மகனா? கணவரா? நன்றாக யோசித்துப் பாருங்கள், நீங்கள்தான்.

வீட்டுக்குள் குழாய் வந்தபின்பும் அம்மா நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். இருட்டில் குழாயைத் திறந்து, வாளி நிரம்பும் ஓசையைக் கேட்டுக்கொண்டு அருகிலேயே நிற்பார். போய்ப் படுங்கள் அம்மா என்றால், நிரம்பட்டும் என்பார். வலது தோளில் கம்பு அழுத்தி ஏற்பட்ட காய்ப்பு, ஒரு ரூபாய் நாணயம் அளவில், கறுத்து, கடைசி வரை இருந்தது.

உங்கள் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சிறுமியாக இருந்தபோது ரயில்வே குடியிருப்பில் தண்ணீர் எடுத்தவர் யார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.