மராமத்துக் கணக்கு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். சிவில் இஞ்சினியரிங் முடித்துவிட்டு நான்கு வருடமாக ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறேன். 1843-ல் வெள்ளைக்காரன் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டித்தான் தினமும் திருநெல்வேலிக்குப் போகிறேன். இன்னும் நிற்கிறது. நாங்கள் போட்ட சிறுபாலம் இரண்டாவது மழைக்கே விரிசல் விட்டது. சொந்தச் சொத்தை விற்று அணை கட்டிய பென்னிகுவிக் போன்றவர்கள் இருந்த காலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசு தன் வருமானத்தில் எத்தனை பங்கைப் பொதுக் கட்டடங்களுக்கும் சேவைகளுக்கும் செலவழித்தது? அந்த அக்கறை இன்று ஏன் இல்லை? சென்னை ஹைகோர்ட், பல்கலைக்கழக செனட் ஹவுஸ் போன்ற, இந்திய-இஸ்லாமிய பாணியும் ஐரோப்பிய பாணியும் கலந்த இந்தோ-சாரசனிக் கட்டடங்களைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆசை.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் ஊரிலிருந்து திரும்பியிருந்தேன். கண்மாய்க் கரம்பை மண் செருப்பில் ஒட்டிக் காய்ந்து கிடந்தது. அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் ‘வெள்ளைக்காரன் கட்டியது’ என்று வரும் கடிதங்களை நான் முழுதாகப் படிப்பதுகூட இல்லை.

முதலில் திட்டிவிடுகிறேன். தினமும் தாண்டிப்போகிற பாலத்துக்கு ஏன் ஒரு முதலியார் பெயர் என்று நான்கு வருடத்தில் ஒருநாளாவது தோன்றவில்லையா? கலெக்டர் தாம்சன் பாலம் வேண்டும் என்றார். ராணுவ இஞ்சினியர்கள் வரைபடம் போட்டார்கள். பணம்? கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்த சுலோசன முதலியார் தன் கையிலிருந்து கொடுத்தார். மனைவியின் நகையும் அதில் போனது என்று உங்கள் ஊரிலேயே சொல்வார்கள். தாமிரபரணியிலிருந்து வரி வாங்கிக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கும்பினிக்கு, அதே தாமிரபரணியைத் தாண்ட ஒரு பாலம் போடக் கைவரவில்லை. அரசுச் செலவுக்குச் சாட்சியாக நீங்கள் கூட்டிவந்த ஆளே எதிர்க்கட்சிக்காரர். போதாக்குறைக்கு அந்தப் பாலமும் அப்படியே நிற்கவில்லை. வெள்ளத்தில் ஒரு பகுதி போய் மறுபடி கட்டினார்கள், பிறகு அகலப்படுத்தினார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததால் நிற்கிறது.

உங்கள் சிறுபாலத்துக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கும் சம்பந்தமில்லை. காங்கிரீட் போட்டபின் எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று உங்கள் காண்ட்ராக்டரைக் கேளுங்கள்.

பென்னிகுவிக் விஷயம்: முல்லைப் பெரியாறு அணைக்கான பணம் மெட்ராஸ் சர்க்காருடையது. சொத்தை விற்ற கதைக்கு ஆவணம் கிடையாது. ஆனால் தேனிப் பக்கம் பிள்ளைக்கு அவர் பெயரை வைக்கிறவர்களிடம் போய் நான் இதைச் சொல்ல மாட்டேன். 1895-ல் வந்த தண்ணீரை இன்றும் குடிக்கிறவர்கள் அவர்கள். நீங்களும் சொல்லாதீர்கள்.

சரி, எத்தனை பங்கு என்ற கேள்விக்கு வருகிறேன். பங்கைத் தெரிந்துகொண்டு ஒன்றும் ஆகாது, எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று பாருங்கள். 1854-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பொதுப்பணித் துறையை உண்டாக்கினார். சிப்பாய்களுக்குக் கட்டிய பாரக்குகளும் பொதுப்பணியில்தான் சேர்ந்தன. ரயில் கம்பெனிகளின் முதலுக்கு 5 சதவீத வட்டிக்கு சர்க்கார் ஜாமீன். வண்டி நட்டத்தில் ஓடினாலும் லண்டன் பங்குதாரருக்கு வட்டி போய்விடும், நம் நிலவரியிலிருந்து. 1858-ல் மெட்ராஸ் பாசனக் கம்பெனி என்று ஒன்று இதே 5 சதவீத ஜாமீனில் பத்து லட்சம் பவுண்டு திரட்டி கர்னூல்–கடப்பா கால்வாயை வெட்டியது. தேறவில்லை. 1882-ல் அதையும் சர்க்காரே விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. கணக்குப் புத்தகத்தில் எல்லாமே பொதுச் செலவுதான்.

கண்மாய் மராமத்து இந்தப் பெரிய கணக்கில் வரவில்லை. பெரிய அணை, பெரிய கால்வாய் என்றால் கடன் வாங்கிக் கட்டலாம், வட்டிக்கு மேல் வரும்படி வந்தால் ‘லாபமுள்ள வேலை’ என்று தனித் தலைப்பு, இஞ்சினியருக்குப் பேரும் புகழும். இஞ்சினியர் ஆர்தர் காட்டன் கோதாவரியில் 1852-ல் முடித்த அணைக்கட்டு அப்படிப்பட்டது. நல்ல வேலை, சந்தேகமே இல்லை. ஆழம் தெரியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடம் கற்றோம் என்று எழுதிய மனுஷன் அவர். ஆனால் ஆயிரக்கணக்கான ஏரிகளும் கண்மாய்களும் நடப்பு வருமானத்தில் மிச்சம் மீதி இருந்தால் பார்க்கவேண்டிய வகை. மிச்சம் என்றைக்கு இருந்திருக்கிறது?

முன்னால் இதற்கென்று மானிய நிலம் இருந்தது, களத்தில் நெல் அளக்கும்போது ஒதுக்கி வைக்கும் பங்கு இருந்தது, கண்மாய் மீனிலும் கரை மரத்திலும் வரும்படி இருந்தது. எல்லாம் நியாயமாக நடந்தது என்று சொல்லவில்லை. கரையில் மண் சுமந்தவர்கள் யார், கூலி இல்லாமல் சுமந்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். ஆனால் செலவுக்கு ஒரு வழி இருந்தது. சர்க்கார் ஒவ்வொரு குடியானவனிடமும் நேராக நிலவரி வாங்கிய ரயத்துவாரி முறையில் அது கொஞ்சம் கொஞ்சமாக அற்றுப்போனது. பணத்தின் வழி அடைபட்டபின் 1858-ல் சட்டம் வருகிறது: கரை உடையும் ஆபத்து வந்தால் குடியானவர்கள் கட்டாயம் வந்து உழைக்க வேண்டும், வராவிட்டால் தண்டம். வரும்படி சர்க்காருக்கு, மண்வெட்டி நமக்கு.

எங்கள் கண்மாய்க்கு வருகிறேன். என் தாத்தா நீர்பாய்ச்சி, கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடுகிறவர். மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்கில் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருக்கும். கார்த்திகை மழை ஓயப்போகிறது என்று தெரிந்ததும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வைக்கோலையும் களிமண்ணையும் வைத்து அடைப்பார்கள். இன்னும் ஒரு முழம் தண்ணீர் நிற்கும், அந்த ஒரு முழம்தான் கடைசித் தண்ணீர், கதிர் பால்பிடிக்கிற தண்ணீர். பத்து நாள் முந்தி அடைத்துவிட்டு மழை கொட்டினால் கரை போய்விடும். தாத்தா கலுங்கின் மேல் நின்று தெற்கே மேகத்தைப் பார்ப்பார், மூக்கைச் சுளிப்பார், “இன்னக்கி வேணாம்” என்பார். திரும்பும் வழியில் மடைக் காரையிடுக்கில் முளைத்திருக்கும் அரசங்கன்றைக் குனிந்து வேரோடு பிடுங்கி வேட்டி மடிப்பில் போட்டுக்கொள்வார். கரையில் எறிந்தால் அங்கேயும் பிடித்துக்கொள்ளுமாம். இதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவீர்கள்?

இப்போது அந்த மடைமேல் அரசமரமே நிற்கிறது. வேர் இறங்கிக் கல் இரண்டாகப் பிளந்து தண்ணீர் தானாகப் போகிறது. போன வாரம் ஒரு அலுவலகத்துக்கு மனுவோடு போனேன். அங்கே இருந்தவர் நல்ல பிள்ளை, நாற்காலி போட்டார், டீ சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “மராமத்துன்னு எழுதினா வராது சார். புதுசா ஒரு தடுப்பணை வேணும்னு எழுதிக் குடுங்க, எஸ்டிமேட் போட்டுடலாம்” என்றார். எங்கள் கண்மாய்க்கு வரத்துக்கால்வாய் ஒன்றுதான். அதில் தடுப்பணை கட்டினால் கண்மாய்க்கே தண்ணீர் வராது. சொன்னேன். “அது வேற தலைப்பு சார்” என்றார். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய குமாஸ்தா ஒருவர் அவர் உடம்பில் புகுந்து பேசியதுபோல இருந்தது.

இந்தோ-சாரசனிக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அழகுதான். ஹைகோர்ட் நிழலில் நின்று எத்தனையோ டீ குடித்திருக்கிறேன். அந்த நிழலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் செனட் ஹவுஸ் எழும்பிய வருடங்களைப் பாருங்கள்: 1874 முதல் 1879 வரை. அதை வடிவமைத்த சிஷோல்ம் அங்கே வண்ணக் கண்ணாடி பதித்துக்கொண்டிருந்தபோது வெளியே 1876–78 தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். இது உயிர் தாங்காது என்று மெட்ராஸ் சுகாதார அதிகாரி கார்னிஷ் சண்டை போட்டார். கூவத்தையும் அடையாறையும் இணைக்கும் கால்வாய்த் துண்டை வெட்டியது அந்தப் பஞ்சத்துக் கைகள்தான். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்காமுடையது.

இத்தனை சாவுக்குப் பிறகுதான் பஞ்சக் கமிஷன் உட்கார்ந்து, 1883-ல் ஏரி புனரமைப்புத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். உங்களுக்கு மரியாதை செய்ய ஒரு வெள்ளைக்காரன் வேண்டுமென்றால் அதில் வேலை செய்த பெயர் தெரியாத சர்வேயர்களுக்குச் செய்யுங்கள். அவர்களோடு சங்கிலி பிடித்து நடந்தவர்கள் நம்மாட்கள். ஒவ்வொரு ஏரியாகப் போய் கரை நீளம், மடை மட்டம், கலுங்கு அகலம் எல்லாம் அளந்து ஏரிக்கு ஒரு குறிப்பேடு எழுதினார்கள். அதற்காக யாரும் சிலை வைக்கவில்லை. நீங்கள் இஞ்சினியர், அப்படியொரு குறிப்பேட்டை ஒருமுறையாவது தேடிப் படியுங்கள். ஹைகோர்ட் கோபுரத்தைவிட அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கோபமாக எழுதிவிட்டேனா? சிறுபாலத்தில் விரிசல் விட்டதை ஒளிக்காமல் எழுதினீர்களே, அது எனக்குப் பிடித்தது. காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிற எத்தனை பேர் அப்படி எழுதுவார்கள்?

நாளைக் காலை வண்டியைப் பாலத்தின் ஓரம் நிறுத்திவிட்டுக் கீழே இறங்குங்கள். பழைய வளைவுகளில் எங்காவது அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். கைக்கு எட்டுகிற இடமென்றால் பிடுங்கிவிட்டு எழுதுங்கள். பிடுங்கியதை ஆற்றோரத்தில் போடாதீர்கள்.