கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகுமா? தண்ணீர் பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த முறை தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த கேள்விகள் எல்லாமே தண்ணீரைப் பற்றித்தான். வெயில் ஏறிவிட்டது போலிருக்கிறது.

எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்கிறார்கள். பெரியவனுக்குப் பல்லில் பழுப்புக் கறை. கொதிக்க வைத்து வடிகட்டிக் கொடுத்தால் போதுமா?
– வாசகி, பென்னாகரம்

போதாதும்மா. இன்னும் கொஞ்சம் கெடுதல் என்றே சொல்வேன். கொதிக்க வைப்பது கிருமிக்குத்தான் வைத்தியம். ஃப்ளோரைடு தண்ணீரில் கரைந்து கிடப்பது. ஆவியோடு போகாது, துணியிலும் தங்காது. நாலு லிட்டரைக் கொதிக்க வைத்து மூன்று லிட்டராகச் சுண்டினால், நாலு லிட்டரில் இருந்தது அத்தனையும் அந்த மூன்றில் இருக்கும்.

தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர் மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர் மின்சுமை. அதனால் உப்புகளைப் பிரித்து இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சோடியமும் சர்க்கரையும் ஓடுவதும், வேர் மண்ணிலிருந்து சத்தை எடுப்பதும் இந்தக் கரைக்கும் குணத்தால்தான். உங்கள் பக்கத்துப் பாறைகளில் ஃப்ளோரைடு உள்ள கனிமங்கள் உண்டு. ஆழத்தில் வருடக்கணக்காகப் பாறையோடு கிடக்கும் தண்ணீர் அதையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. நல்லது கெட்டது பார்க்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. நிறமும் வாசனையும் மாறாததால் கண்ணை நம்ப முடியாது. பரிசோதனைக்குக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தத் தொல்லைக்காகத்தான். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வையுங்கள். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க. சோறு, களி, டீ எல்லாம் சமையல் கணக்கில் சேரும், மறந்துவிடாதீர்கள். டீத்தூளிலேயே ஃப்ளோரைடு உண்டு. ஆர்.ஓ. இயந்திரம் ஃப்ளோரைடைக் குறைக்கும். பெரியவனுக்கு வந்த கறை தண்ணீரை மாற்றினால் போகாது. பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல் உள்ளே உருவாகிற வயதில், ஏறக்குறைய எட்டு வயது வரை, படிகிற கறை அது. சின்னவர்கள் இருந்தால் இன்றே தண்ணீரை மாற்றுங்கள்.

மோட்டார் இல்லாமல் மாமரத்தின் உச்சிக் கிளைக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது? வேர் தள்ளுகிறதா?
– மா விவசாயி, கிருஷ்ணகிரி

வேர் தள்ளுவது கொஞ்சம்தான். இழுப்பது இலை. வெயிலில் இலைத்துளைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகும்போது, பின்னால் இருக்கும் தண்ணீர் அந்த இடத்துக்கு நகர்கிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதால், வேர் வரைக்கும் ஒரே கயிறாக இழுபடுகிறது. மரத்துக்குள் இருக்கும் மெல்லிய குழலின் சுவரில் ஒட்டி ஏறுவதால்தான் என்று பள்ளிப் புத்தகம் படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் தலைமுடிப் பருமன் உள்ள குழலில் அப்படி ஒரு மீட்டர்கூட ஏறாது. உறிஞ்சிய தண்ணீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இப்படி ஆவியாகத்தான் போகிறது. வீண் என்று நினைக்க வேண்டாம், இலை வெந்துபோகாமல் இருப்பது அதனால்தான்.

ஓசூர் ரோஜா வாங்குபவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. காம்பை வெட்டியதும் குழலுக்குள் காற்று புகுந்து அந்தத் தொடர் அறுந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் காம்பின் அடியைத் தண்ணீருக்குள் வைத்தபடியே இன்னொரு முறை நறுக்குங்கள். பூ கூடுதலாகத் தாங்கும்.

விலை விழுந்த தக்காளியை ஃப்ரீசரில் வைத்தேன். எடுத்தால் கூழாகிவிட்டது. ஏன்?
– ராயக்கோட்டை

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். தக்காளியில் பெரும்பகுதி தண்ணீர்தான். பனிப்படிகம் வளர்ந்து செல் சுவர்களைக் கிழித்துவிடுகிறது. குழம்புக்கு ஆகும், சாலட்டுக்கு ஆகாது. விரிவதால்தான் பனிக்கட்டி மிதக்கிறது. குளிர்நாட்டு ஏரிகள் மேலே உறைந்தாலும் அடியில் மீன் பிழைக்கிறது.

கெலவரப்பள்ளி அணையில் அப்படி நுரை பொங்குகிறதே, தண்ணீர் கொதிக்கிறதா?
– பள்ளி மாணவர், ஓசூர்

இல்லை தம்பி. பெங்களூரு பக்கமிருந்து கழிவோடு வரும் தென்பெண்ணையில் சோப்பு போன்ற பொருட்கள் கலந்திருக்கின்றன. அவை தண்ணீரின் பரப்பு இழுவிசையை, அதாவது மேற்பரப்பைத் தோல்போல இறுக்கிப் பிடிக்கும் விசையை, குறைத்துவிடும். மதகில் விழுந்து காற்றோடு கலக்கும்போது குமிழி உடையாமல் நிற்கிறது. சுத்தமான குளத்தில் நீர்ப்பூச்சி மேலே நடப்பதே அந்த இழுவிசையை நம்பித்தான். சோப்புத் தண்ணீரில் அது முழுகிவிடும். நுரையைக் கையில் எடுத்து விளையாட வேண்டாம்.

கோடையில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. பசியா?
– மீன் வளர்ப்பவர், பாரூர்

மூச்சுத் திணறல். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். இரவெல்லாம் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியலில்தான் மிகக் குறைவு. தீவனம் போடாதீர்கள், புதுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இயந்திரம் இருந்தால் இரவிலேயே ஓடட்டும்.

மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் குளிர்வதே இல்லை. பானை போய்விட்டதா?
– அரூர்

பானை சரியாகத்தான் இருக்கிறது. கசியும் நீர் ஆவியாகும்போது ஒரு கிராமுக்கு 580 கலோரி அளவு வெப்பத்தை எடுத்துப்போகும். காற்றே ஈரமாக இருந்தால் ஆவியாவது குறையும். புழுக்கத்தில் நமக்கு வேர்வை காயாததும் இதனால்தான். ஆனால் கோடையிலும் குளிரவில்லை என்றால், போர் தண்ணீரின் உப்பு படிந்து நுண்துளைகள் அடைத்திருக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். சோப்பு போடாதீர்கள், பானை குடித்துவிடும்.