மகனைச் சோதிக்க 'கிட்' வாங்கலாமா?

கேள்வி: மகன் உயர்நிலை 3இல் படிக்கிறான். அவன் வகுப்புத் தோழன் ஒருவன் பையில் மின்சிகரெட் பிடிபட்டது. தான் தொட்டதே இல்லை என்று மகன் சொல்கிறான், நம்ப முடியவில்லை. பத்து வகைப் போதைப்பொருளைக் காட்டும் சிறுநீர்ச் சோதனை 'கிட்' இணையத்தில் கிடைக்கிறது. வாங்கிச் சோதிக்கலாமா? தெரிந்தவர் ஒருவர், மகன் பெயர் எங்கும் வராமல் 'பேசி முடித்துத் தருவதாக' 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார். கொடுக்கலாமா? (ஈசூன் வாசகி, சிங்கப்பூர்)

பதில்: இரண்டும் வேண்டாம்.

முதலில் கிட். அந்தப் பத்து வகையில் கஞ்சா, ஐஸ் எனப்படும் மெத்தம்ஃபெட்டமின், ஹெராயின் வகையறா இருக்கும். இன்று பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் நாங்கள் பயப்படுவது கேபாட் என்கிற மின்சிகரெட்டில் கலந்துவரும் எட்டோமிடேட்டை. அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் ஊசியில் ஏற்றும் மருந்து அது. சாதாரணப் பத்து வகைக் கிட் அதைத் தேடுவதே இல்லை. வெறும் நிக்கோட்டின் மின்சிகரெட்டையும் பெரும்பாலானவை தேடுவதில்லை. ஆக, கிட்டில் உள்ள சோதனைப் பட்டை 'சுத்தம்' என்று காட்டினால் உங்களுக்குத் தெரியவருவது ஒன்றுமில்லை. எட்டோமிடேட்டுக்கென்றே பட்டை விற்பவர்களும் கிளம்பிவிட்டார்கள். அந்த மருந்து உடலைவிட்டுச் சீக்கிரம் போய்விடும். சனிக்கிழமை இழுத்தவனைப் புதன்கிழமை சோதித்து என்ன பயன்?

பட்டையைப் படிப்பதிலும் தவறு நடக்கும். 'சி' (பட்டை வேலை செய்கிறதா என்று காட்டும் இடம்), 'டி' (சோதனை முடிவைக் காட்டும் இடம்) என இரண்டு இடத்திலும் கோடு வந்தால் போதைப்பொருள் இல்லை என்று பொருள். 'டி' கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அப்படித்தான். 'சி' மட்டும் வந்தால்தான் சந்தேகம். 'சி'யே வராவிட்டால் பட்டை கெட்டுப்போனது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பிள்ளையை அடித்த பெற்றோர் உண்டு. சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரை, ஊரிலிருந்து வந்த கசகசா போட்ட குருமா இவையெல்லாம்கூடப் பட்டையைக் குழப்பும். முறையான சோதனையில் சிறுநீரைப் பிரித்து, உடனடிச் சோதனைக்கு ஒரு பங்கு போக, முத்திரையிட்ட இரண்டு புட்டிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பார்ப்பது இதனால்தான். உங்கள் குளியலறையில் அது நடக்காது.

அடுத்து அந்த 800 வெள்ளி ஆசாமி. பள்ளியிலோ சுகாதார அறிவியல் ஆணையத்திலோ மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவிலோ காசு வாங்கிக்கொண்டு பெயரை அழிக்க வழியே கிடையாது. உங்கள் காசு போவதோடு, அதிகாரிக்குக் கொடுக்கத்தான் கொடுத்தீர்கள் என்று ஆனால் லஞ்ச வழக்கில் நீங்களே மாட்டுவீர்கள். இவருக்கு அண்ணன் தம்பிகள் நிறைய: உடலைச் 'சுத்தப்படுத்தும்' பானம் விற்பவர், எல்லை தாண்டி ஏதோ மறுவாழ்வு இல்லத்துக்கு ஆள் பிடிப்பவர், 'உங்கள் மகனைப் பிடித்து வைத்திருக்கிறோம், அபராதத்தை இப்போதே அனுப்புங்கள்' என்று அதிகாரி குரலில் அழைப்பவர். தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்பவர் அரசாங்க அதிகாரி அல்ல. சந்தேகமா, மோசடி பற்றி விசாரிக்கும் உதவி எண் 1799க்கு அழைத்துக் கேளுங்கள். இந்தக் கூட்டம் பிழைப்பதே நீங்கள் வெளியே சொல்ல வெட்கப்படுவதால்தான்.

இப்போது உங்களுக்கு உண்மையில் பயன்படுகிற சலுகைக்கு வருகிறேன். இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். மின்சிகரெட்டையோ கேபாட்டையோ விட உதவி தேடித் தானாக முன்வருபவருக்குத் தண்டனை இல்லை. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் எண் 1800 438 2000. 'தானாக' என்றால் பிடிபடுவதற்கு முன்னால். தோழன்தான் பிடிபட்டான், உங்கள் மகன் பிடிபடவில்லை. கதவு இன்னும் திறந்திருக்கிறது. நாளை அவன் பையில் ஒன்று கிடைத்தபிறகு அழைத்தால் அது முன்வந்ததாகாது. ஒருமுறை அழைத்துவிட்டுச் சும்மா இருந்தாலும் போதாது, ஆலோசனைக்குத் தொடர்ந்து போகவேண்டும். கஞ்சா, ஐஸ் போன்றவற்றுக்கு இந்தச் சலுகையை நம்பிப் போகாதீர்கள். போதைப்பொருளுக்கு அடிமை என்று சந்தேகித்தால் மருத்துவர் 7 நாளுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. அதற்காகச் சிகிச்சையை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போங்கள், அவ்வளவுதான். மனநலக் கழகத்தின் போதைப் பழக்கச் சிகிச்சைப் பிரிவின் எண் 6732 6837.

மின்சிகரெட்டுக்கு ஓர் அலுவலகம், போதைப்பொருளுக்கு இன்னொன்று, விடுவதற்கு மூன்றாவது, சிகிச்சைக்கு நான்காவது. இந்த வரைபடத்தை ஒரு தாய் ஏன் மனப்பாடம் செய்யவேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. மண்டபத்தில் ஆயிரம் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் படம் காட்டிவிட்டு அதற்குத் 'தடுப்பு' என்று பெயர் வைக்கிறோம்.

பிடிபட்டால் என்ன ஆகும்? 2025 செப்டம்பர் 1இல் எட்டோமிடேட் போதைப்பொருள் சட்டத்தின் 'சி' வகைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அன்று அறிவித்த முறைப்படி, 18 வயதுக்குக் கீழ் முதல்முறை பிடிபட்டால் 500 வெள்ளி அபராதம். கேபாட் என்றால் அதோடு 6 மாதம் வரை கட்டாய மறுவாழ்வு. பள்ளி தன் பங்குக்கு இடைநீக்கம் செய்யலாம், ஆண் பிள்ளைக்குப் பிரம்படியும் தரலாம். விதிகள் மாறும், கையில் வரும் கடிதத்தில் உள்ளதையே நம்புங்கள்.

கிட்டுக்குப் பதில் கண்ணைப் பயன்படுத்துங்கள். கேபாட் இழுத்தவன் சில நிமிடம் குழறுவான், தள்ளாடுவான், கை வெட்டி வெட்டி இழுக்கும், கூப்பிட்டால் வெறித்துப் பார்ப்பான். பிறகு ஒன்றுமே நடக்காதது போல் இருப்பான். 'தூக்கக் கலக்கம்' என்று பெற்றோர் விட்டுவிடுவது இங்கேதான். தொடர்ந்து இழுத்தால் அட்ரினல் சுரப்பியில் கார்ட்டிசால் சுரப்பது குறைந்து, விடாத சோர்வும் தலைசுற்றலும் வரும். அவனது வங்கி அட்டைக் கணக்கில் ஒரே ஆளுக்கு அடிக்கடி போகும் சிறு தொகைகள், தானாக அழியும் டெலிகிராம் செய்திகள், பேனா போலவும் யுஎஸ்பி போலவும் கிடக்கும் கருவி, காரணமில்லாத பழ வாசனை இவற்றையும் கவனியுங்கள்.

சுயநினைவு தப்பினால் ஆம்புலன்ஸுக்கு 995. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கேபாட்டாக இருக்கலாம் என்பதை வருகிற மருத்துவ உதவியாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அறையில் கருவி கிடைத்தால் 'ஆதாரம்' என்று அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள். வைத்திருப்பதே குற்றம், உங்களுக்கும் சேர்த்து. திறந்து முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். ஜிப் பையில் போட்டு, மின்சிகரெட்டுக்கென்றே பெட்டி வைத்திருக்கும் சமூக மன்றம் எது என்று விசாரித்து அதில் போட்டுவிடுங்கள். பெயர் கேட்கமாட்டார்கள்.

மகனிடம் 'இழுத்தியா?' என்று கேட்டால் 'இல்லை'தான் வரும். 'யார் நீட்டினால் உனக்கு வேண்டாம் என்று சொல்லக் கஷ்டம்?' என்று கேளுங்கள். முதல் இழுப்பு பெரும்பாலும் நண்பன் கையிலிருந்து இலவசமாக வரும். அவன் ஒரு பெயரைச் சொன்னால் உடனே அந்த வீட்டுக்கு போன் போடாதீர்கள், அடுத்த பெயர் வராது. இந்த வாரமே பள்ளி ஆலோசகரிடம் நேரம் கேளுங்கள். வகுப்பாசிரியரிடம் வாயால் சொல்லிவிட்டு வராமல், நீங்கள் பார்த்ததைத் தேதி, நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் தமிழ் தெரிந்த ஆசிரியர் ஒருவர் உடனிருக்கட்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆங்கிலப் படிவம் எதையும் புரியாமல் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டுப் போடலாம்.