நெட்டால கிராம சபை, ஊர் சங்கமெல்லாம் பலமாகுமா?

ஆகும், ஆனா ஃபேஸ்புக்ல பொங்குறதால இல்ல, ஊராட்சியோட வரவு செலவு கணக்கு நம்ம கைக்கு வர்றதாலதான். இ-கிராம்ஸ்வராஜ்னு மத்திய அரசு போர்ட்டல் ஒன்னு 2020 ஏப்ரல்ல வந்துச்சு, அதுல மாநிலம், மாவட்டம், ஒன்றியம்னு தேர்ந்தெடுத்துட்டே போனா உங்க ஊராட்சியோட வருஷத் திட்டம், எந்த வேலைக்கு எவ்ளோ பணம் போச்சுங்கற வவுச்சர் வரைக்கும் போன்லயே பாக்கலாம் (சைட் அடிக்கடி படுத்துக்கும், அது வேற விஷயம்). முன்னாடி இதையே ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டு 30 நாள் காத்திருந்து வாங்கணும்.

இப்ப தெரு லைட்டு மாத்துனதா கணக்குல இருக்கு, உங்க தெரு இருட்டா கெடக்குன்னா, அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க, மகளிர் குழு ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு கிராம சபைல போய் கேளுங்க, தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு தடவ நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனியா ஒருத்தர் எந்திரிச்சா "அப்புறம் பாக்கலாம்"னு உக்கார வச்சிருவாங்க. கேட்டத தீர்மானமா எழுத வைக்கணும், கையெழுத்துக்கு முன்னாடி அந்த நோட்ட படிச்சும் பாத்துடணும், இத விட்டா குரூப்ல எவ்ளோ கத்துனாலும் வேலைக்கு ஆகாது. போன் இல்லாத வீட்டுப் பெரியவங்களுக்கு மட்டும் தேதிய யாராச்சும் நேர்ல போய் சொல்லிடுங்க.